இடிப்பதா, ஒரே மூச்சில் புதுப்பிப்பதா, குடியிருந்தே சரிசெய்வதா?

பழைய பண்ணை வீடு ஒன்றை வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தபோது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனது: அந்த வீடு வேண்டும். வாங்கியபின் அதை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு திசை. இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டலாம் என்றார் அவர். எல்லா வேலையையும் ஒரே மூச்சில் முடித்து, கடைசி ஆணி அடித்த பிறகு குடிபோகலாம் என்றேன் நான். கடைசியில் இரண்டையும் செய்யவில்லை. குடியிருந்துகொண்டே, அறை அறையாக, நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இதே கேள்வியோடு நிற்பவர்களுக்காக மூன்று வழிகளையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். நடுநிலையோடு எழுதுவதாகச் சொல்ல மாட்டேன். நாங்கள் எடுத்த வழியின் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. ஆனால் இடிப்பதே சரி என்கிற வீடுகளும் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

நாலாவதாக ஒரு வழி உண்டு, வேறு யாரோ புதுப்பித்து விற்கிற வீட்டை வாங்குவது. அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு ஆசையில்லை. பழைய வீட்டில் சுவர் முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால், வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். படம் இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அழுக்கும் கறையுமாக நிற்கிற வீடே மேல். அதன் குறைகளாவது கண்ணுக்குத் தெரியும்.

முதலில் மழையில் போய்ப் பாருங்கள்

மூன்றில் எது என்பதைப் பெரும்பாலும் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. நூறு வருஷம் நின்ற வீடு ஒன்று விழுந்தால், விசாரித்துப் பாருங்கள், எங்கோ ஓர் ஓடு நகர்ந்ததைப் பல வருஷம் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் விலை பேசும் முன் ஒரு தடவையாவது கொட்டுகிற மழையில் போய் நில்லுங்கள். வெயிலில் எல்லா வீடும் அழகுதான். மழையில் போனால், கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, விழுந்தது சுவரை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரடியிலேயே தேங்குகிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பண்ணை வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எருவும் மண்ணும் சேர்ந்து, வெளியே நிலமட்டம் வீட்டின் உள்தரையைவிட உயர்ந்துவிடும். எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் அப்படித்தான் இருந்தது. சுவரின் கால் பகுதி மண்ணுக்குள் நிற்கும்போது உள்ளே எதைப் பூசினாலும் ஈரம் ஏறுவது நிற்காது. பார்க்கப் பயமாக இருந்தாலும் இது பெரிய வேலை இல்லை. மண்ணை வெட்டி, உள்தரையைவிட 15, 20 சென்டிமீட்டர் தாழ்த்தி, சுற்றிலும் சரளைக்கல் நிரப்பிய வாய்க்கால் எடுத்தோம். அடுத்த கோடையில் சுவர் தானாகக் காய ஆரம்பித்தது. இந்த ஒரு குறையைக் காட்டித்தான் அவர் முதலில் இடிக்கச் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அப்புறம் மரம். உத்திரத்தை நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் மக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை அந்த முனையருகே அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், மக்கியது பொசுக்கென்று உள்வாங்கும். மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. ஈரமானிக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஆனால் அது மரத்தில் காட்டுவதை நம்பலாம், சுவரில் காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது. சுவரில் உப்பு இருந்தால் அந்தக் கருவி ஈரத்தைக் கூட்டிக் காட்டும்.

விரிசல்கள்தான் எல்லோரையும் மிரட்டுகின்றன. மயிரிழை விரிசல் இல்லாத பழைய சுவர் கிடையாது. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது, ஒரு முனையில் குறுகி மறுமுனையில் விரிவது, கதவைச் சட்டத்தோடு இறுக்குவது, இவற்றைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். அவரும் பெரும்பாலும் கேட்கப்போவது ஒன்றுதான்: இது இன்னும் நகர்கிறதா, நகர்ந்து முடிந்துவிட்டதா? அதற்குப் பதில் ஒரே நாளில் கிடைக்காது. களிமண் நிலம் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அதோடு அஸ்திவாரமும் ஏறி இறங்கும். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து, பக்கத்தில் தேதி எழுதிவையுங்கள். ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தால்தான் நம்பகமான பதில் வரும்.

ஒரு வருஷம் காத்திருப்பதற்கு மூன்று வழிகளில் எது இடம் கொடுக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இடித்துவிட்டுக் கட்டுவது

அவருடைய வாதத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார். புது வீட்டுக்கு வரைபடம் போட்டால் செலவு இன்னது, காலம் இவ்வளவு என்று ஓரளவுக்காவது சொல்ல முடியும். ஒயரிங், குழாய், கழிவுநீர் எல்லாம் முதலிலிருந்தே ஒழுங்காக அமையும். சாளரம் எந்தப் பக்கம் என்பது நம் விருப்பம். பழைய வீட்டில் ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது; புது வீட்டில் அப்படி இல்லை. இது உண்மை.

சில வீடுகளுக்கு இதுதான் சரியான முடிவும்கூட. அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, கூரை பல வருஷம் திறந்து கிடந்து உத்திரங்கள் வரிசையாக மக்கிவிட்டன. இதில் ஒன்று மட்டும் என்றால் சமாளிக்கலாம். மூன்றும் சேர்ந்திருந்தால் நாம் சரிசெய்வது வீட்டை இல்லை, நம் பிடிவாதத்தைத்தான்.

ஆனால் அவர் கணக்கில் மூன்று விஷயங்கள் விட்டுப்போயிருந்தன. முதலாவது அனுமதி. பல நாடுகளில் விவசாய நிலத்தில் இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பது எளிது, அதே இடத்தில் புது வீட்டுக்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு. பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால் இடிப்பது என்ற பேச்சே எழாது. புது வீட்டுக்கான அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய வீட்டின் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

இரண்டாவது, இடிப்பதே ஒரு தனி வேலை. கொட்டிலிலோ பின்கட்டிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதைச் சுத்தியலால் உடைத்து லாரியில் அள்ளிவிட முடியாது. அந்த இழைத்தூள் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதை முழுவதுமாகத் தடை செய்தது. சேதமில்லாமல் கிடக்கும் தகடு ஓரளவு அமைதியாக இருக்கும், உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளையிடும்போதும்தான் ஆபத்து. பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்: இடித்தால் திரும்ப வழியில்லை. மற்ற இரண்டு வழிகளிலும் நடுவில் மனம் மாறினால் இடிக்கலாம். இடித்தபின் மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. உலகத்தின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சிமெண்ட் தயாரிப்பின் பங்கு மட்டும் 7, 8 சதவீதம் வரும் என்பதையும் சொல்லிப் பார்த்தேன். அந்த வாதம் அவரிடம் எடுபடவில்லை.

ஒரே மூச்சில் எல்லாம்

இது என் கனவு. சாரம் ஒரு தடவை கட்டினால் போதும். தூசி ஒரு தடவை. தரையைத் தோண்டும்போதே குழாயும் போட்டு, சுவரைத் திறக்கும்போதே ஒயரும் இழுத்துவிடலாம். ஆட்கள் தொடர்ந்து வருவார்கள். அரைகுறையாக விட்டுப்போன கொத்தனாருக்காக மாதக்கணக்கில் தவம் கிடக்க வேண்டாம். மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், வேலையைத் துண்டு துண்டாகச் செய்வதைவிட இதில் கூலி மிச்சம்தான்.

வேறு இடத்தில் வசதியாகத் தங்க முடிகிறவர்கள், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் இதையே யோசிக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978இல்தான் தடை வந்தது. பழைய கதவைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் சாய்வெல்லாம் பொருந்தாது.

இதன் குறை நமக்குள் இருக்கிறது. வீட்டை அறிந்துகொள்ளும் முன்பே எல்லா முடிவையும் எடுத்தாக வேண்டும். நான் எடுக்க இருந்த ஒரு முடிவைச் சொல்கிறேன். உள்ளேயும் வெளியேயும் உதிர்ந்துகொண்டிருந்த பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்து, நல்ல கெட்டியான சிமெண்ட் பூசிவிட வேண்டும் என்பது என் திட்டம். வயதான ஒரு கொத்தனார் வந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மேற்குச் சுவருக்கு அழைத்துப்போனார். முன்பு யாரோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓரிடத்தில் பூச்சை லேசாக நெம்பினார். பூச்சு பலகைபோல் முழுசாக வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு செங்கல்லின் முகமும் வந்தது.

காரணம் எளிமையானது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல்; அது உலகமெங்கும் சாதாரணக் கொத்தனார் கைக்கு வர இன்னும் நெடுங்காலம் ஆனது. அதனால் பழைய பண்ணைச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையிலோ மண் சாந்திலோ எழுந்தவை. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி சூட்டில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறுகிறது. ஆனாலும் அது செங்கல்லைவிட மென்மையானது, ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சுவருக்குள் போன தண்ணீர் அதே வழியில் திரும்பிவிடும். சிமெண்ட் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்குகிறது, உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிறது, செங்கல் பொரிந்துபோகிறது. பழைய சுவரில் தேய வேண்டியது பூச்சும் காரையும்தான். பல வருஷத்துக்கு ஒரு தடவை அவற்றைப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

1877இல் ஆங்கிலேய வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் லண்டனில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். புனரமைப்பு என்ற பெயரில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டித் தள்ளுவதை எதிர்த்ததால் அந்தச் சங்கத்துக்கே 'சுரண்டல் எதிர்ப்பு' என்று செல்லப்பெயர் வந்தது. (தமிழில் சொன்னால் வேறு அர்த்தமும் சேர்ந்து வருகிறது. மோரிஸ் பின்னாளில் சோஷலிஸ்ட் ஆனவர் என்பதால் அதுவும் பொருத்தம்தான்.) அந்த மேற்குச் சுவரடியில் நின்றபோது எனக்கு இந்தக் கதை தெரியாது. ஒரே மூச்சில் செய்திருந்தால் நாலு சுவரையும் நானே கெடுத்திருப்பேன் என்பது மட்டும் புரிந்தது.

சுண்ணாம்பு இன்னொரு வகையிலும் இந்த வழிக்கு ஒத்துவராது. அது அவசரப்படாது. ஒவ்வொரு பூச்சும் இறுகுவதற்கு நாள் கொடுக்க வேண்டும், கடும் வெயிலில் சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவைக்க வேண்டும், உறைபனிக் குளிரில் வேலையே செய்யக் கூடாது. மற்றக் காத்திருப்புகளும் உண்டு. பிரிட்டனில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் வௌவால்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது; பரணில் அவை குடியிருந்தால் கூரை வேலை அவற்றின் வசதிக்குத்தான் நடக்கும். ஆறு மாதத்தில் முடிப்பதாக யாராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், எதை விட்டுவிட்டுச் செய்யப்போகிறார் என்று கேளுங்கள்.

குடியிருந்துகொண்டே

இதை யாரும் காதல் கதையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் குளிர்காலம் முழுக்க ஒரே அறையில் படுத்து, அதே அறையில் சமைத்து, அதே அறையில் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். தூசி தலையணை உறைக்குள்ளும் வரும். குளியலறைக்குக் கதவு வருவதற்குப் பதினோரு மாதம் ஆனது. வேலை முடிந்த அறையில் நாலு நாள் சந்தோஷமாக இருக்கலாம், ஐந்தாவது நாள் அடுத்த அறையை இடிக்க ஆரம்பிப்போம். மொத்தக் கூலியும் நான் போட்ட கணக்கைத் தாண்டிவிட்டது.

இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், வீட்டின் எலும்பு நன்றாக இருந்தால். இந்த வழியில் ஒவ்வொரு முடிவும் அதற்கு முந்தைய வேலையிலிருந்து கற்றுக்கொண்ட பிறகு எடுக்கப்படுகிறது. சமையலறையைக் கிழக்கு அறைக்கு மாற்ற வேண்டும் என்று வாங்கிய அன்றே தீர்மானித்திருந்தோம். ஒரு வருஷம் குடியிருந்த பிறகுதான், காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கிறது, வெயில் எங்கே விழுகிறது என்று தெரிந்தது. சமையலறை இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதலில் கட்டியவர்கள் அதையெல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வரிசை முக்கியம். ஆசைப்பட்ட அறையில் தொடங்கினால் கெட்டோம். முதலில் கூரை. அடுத்து, சுவரடித் தண்ணீரை விலக்குவது. மூன்றாவதாக மின்சாரம். பழைய ரப்பர் உறை போட்ட ஒயர்கள் காலப்போக்கில் மொறுமொறுவென்று உடையும். பரணில் எலி கடித்ததும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறு காரணம் வேண்டாம். எர்த் இருக்கிறதா என்று பார்த்து, மின்சாரம் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் ஒன்றையும் மாட்டிவிட்டுத்தான் அங்கே முதல் ராத்திரி தூங்க வேண்டும். இந்த மூன்றையும் நாங்கள் குடிபோகும் முன்பே முடித்தோம், இதில் மட்டும் என் பழைய 'ஒரே மூச்சு' ஆசை நிறைவேறியது. ஈயப் பெயிண்ட், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டும் இருந்தால் அந்த வேலையையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். குடியிருந்துகொண்டு செய்யக்கூடிய வேலைகள் இல்லை அவை.

கிணறு இருந்தால் குடிக்கும் முன் சோதனைக்கு அனுப்புங்கள். கால்நடையும் உரமும் இருந்த இடத்தில் நைட்ரேட் நிலத்தடி நீருக்கு இறங்கியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

அப்புறம், ஒரு அறையைத் தொடவே தொடாதீர்கள். அதில் கருவி வைக்கக் கூடாது, சாந்து வாளி வைக்கக் கூடாது, வேலையைப் பற்றிப் பேசவும் கூடாது. கடைசி விதியை நாங்கள் தினமும் மீறினோம், இருந்தாலும் அறை என்னவோ சுத்தமாக இருந்தது.

பணமும் நாங்களும்

எந்த வழியாக இருந்தாலும் கணக்கிட்ட தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துவையுங்கள். பழைய வீட்டை வைத்துக்கொள்வதென்றால் நாலில் ஒரு பங்கு. கையிருப்பு முழுவதையும் வாங்குவதிலேயே போட்டுவிட்டு, கூரைக்குக் கடன் தேடுகிற நிலை வந்தால், கூரை காத்திருக்கும், மழை காத்திருக்காது. ஒரே மூச்சில் செய்பவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். பாதியில் பணம் தீர்ந்தால் குடியிருக்க முடியாத வீடும், வாடகை கட்டும் வீடும் ஒரே நேரத்தில் கழுத்தில் தொங்கும். குடியிருந்தே செய்பவர்கள் கை காய்ந்த மாதத்தில் சும்மா இருக்கலாம். நாங்கள் ஒரு முழு வருஷம் அப்படிச் சும்மா இருந்தோம். அந்த வருஷம்தான் விரிசல்களை அளந்தோம்.

இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது யார் எதில் கடைசி வார்த்தை சொல்வது என்று முன்பே பிரித்துக்கொள்வது நல்லது. கூரை, மின்சாரம், தண்ணீர் அவருக்கு. சுவர், தரை, மரம் எனக்கு. மற்றவர் கருத்துச் சொல்லலாம், ஒரு தடவை மட்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருஷமும், வராந்தாத் தரையை இரண்டு தடவை போட்ட செலவும் ஆனது.

இப்போது மிச்சமிருப்பது பின்பக்கத்து மாட்டுத் தொழுவம். அதைப் படுக்கையறையாக மாற்றலாம் என்று இருந்தோம். தொழுவச் சுவர்களில் பல காலத்துச் சாணமும் சிறுநீரும் ஊறி உப்பாகத் தங்கியிருக்கிறது. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதனால் மேலே ஒழுகாவிட்டாலும் புழுக்கமான நாளில் சுவர் வியர்க்கிறது. அஸ்திவாரம் ஒரு மூலையில் இறங்கியிருக்கிறது, இரண்டு வருஷமாகப் பென்சில் கோடுகள் விலகிக்கொண்டே இருக்கின்றன. உத்திர முனைகள் நாலில் மூன்று மக்கிவிட்டன. இடித்துவிடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்கலாமே என்கிறார் அவர்.